குதிரை டிரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்கு எந்த டயர்? ஒரு மதிப்பீடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இரண்டு குதிரை ஏறும் டிரெய்லரைப் பெரும்பாலும் தார்ச்சாலையில் இழுக்கும் பிக்கப்புக்கு, வண்டிக் கம்பெனி கொடுத்த அதே அளவில், ‘எல்.டி.’ (லைட் டிரக், அதாவது இலகு சரக்கு வண்டி வகை) என்று எழுத்து பொறித்த, லோடு ரேஞ்ச் (சுமை தாங்கும் தரம்) இ உள்ள ஹைவே டயர் நாலு வாங்கிப் போடுங்கள். பார்க்க அது சாதாரணமாகத்தான் இருக்கும். பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர்க் கட்டைகள்) முரட்டுத்தனமாக இருக்காது, சைடுவாலில் (டயரின் பக்கச்சுவரில்) வெள்ளை எழுத்து பளிச்சிடாது. ஆனால் பின்னால் ஆயிரம் கிலோ உயிர் நின்றுகொண்டு வரும்போது தேவைப்படுவது எளிதில் வளையாத சைடுவாலும் அதற்குள் போதுமான காற்றும்தான். பட்டனின் அழகெல்லாம் அதற்கு அப்புறம்.

குதிரை, மூட்டை மாதிரி கிடக்காது. 500, 550 கிலோ எடையை நாலு ஒல்லிக் காலில் தாங்கிக்கொண்டு நிற்கும். உடம்பின் கனமெல்லாம் மேலேதான் இருக்கிறது. வளைவில் சாயும், பிரேக் போட்டால் முன்காலை ஊன்றித் தடுத்துக்கொள்ளும், ஈ உட்கார்ந்தால் காலைத் தூக்கி உதைக்கும். ஒவ்வொரு அசைவும் டிரெய்லரின் மூக்கு வழியாக ஹிட்ச்சுக்கு (வண்டியில் டிரெய்லரை மாட்டும் இணைப்புக்கு) வந்து, அங்கிருந்து பின் ஆக்சிலுக்கும், கடைசியில் டயரின் சைடுவாலுக்கும் வந்து சேர்கிறது. சைடுவால் மெத்தென்று இருந்தால் அந்தத் தள்ளலுக்கு வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும். ஓட்டுபவர் ஸ்டியரிங்கைத் திருத்துவார். அந்தத் திருத்தம் டிரெய்லரைப் போய் எட்டுவதற்குள் குதிரை மறுபக்கம் சாய்ந்திருக்கும். ஆட்டம் இப்படித்தான் தொடங்குகிறது. உள்ளே நிற்பதற்கு ரோடு தெரியாது. அடுத்த வளைவு எப்போது வரும் என்று தெரியாமல் நாலு காலையும் அகட்டி ஊன்றியபடியே வருகிறது. ஆடிக்கொண்டே வந்த குதிரை இறங்கும்போது களைத்துப்போயிருப்பதற்கு, தூரம் மட்டும் காரணமில்லை.

எடையை முதலில் கணக்குப் போடுங்கள்

டயர் கடைக்குப் போகும் முன் பின் ஆக்சிலில் எவ்வளவு எடை விழுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். டிரெய்லரின் மொத்த எடை வேறு, டயர் சுமக்கும் எடை வேறு. பலர் குழம்புவது இங்கேதான்.

ஒரு கணக்கு பார்ப்போம். வெறும் டிரெய்லர் 1,250 கிலோ. தலைக்கு 550 கிலோ வீதம் இரண்டு குதிரை, 1,100. தண்ணீர், புல்கட்டு, சேணம், வாளி, சாமான் எல்லாம் 150. மொத்தம் 2,500 கிலோ. பின் பம்பருக்குக் கீழே உள்ள பந்தில் மாட்டும் டிரெய்லரில் இதில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் உட்கார வேண்டும். 12 சதவீதம் என்று வைத்தால் 300 கிலோ. (சிறிய கார்கள் இழுப்பதற்கென்று செய்த ஐரோப்பிய டிரெய்லர்களில் இந்த மூக்கு எடை இதைவிட நன்றாகக் குறைவு. அவற்றுக்கு ஹிட்ச்சில் எழுதியிருக்கும் உச்ச அளவே விதி.)

இந்த 300 கிலோ பின் ஆக்சிலுக்கு நேர் மேலே விழுவதில்லை, அதற்குப் பின்னால் தொங்குகிறது. வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரம்) 3.6 மீட்டர், பின் ஆக்சிலிலிருந்து ஹிட்ச் பந்து 1.2 மீட்டர் என்றால், சீசா பலகை மாதிரி வேலை செய்து பின் ஆக்சிலில் 400 கிலோ கூடும், முன் ஆக்சிலில் 100 கிலோ குறையும். எடையைப் பங்கிடும் ஹிட்ச் மாட்டினால் அந்த 100-இல் ஒரு பகுதி முன்னால் திரும்பும். காலி வண்டியின் பின் ஆக்சில் 1,050, ஆட்கள், தொட்டியில் சாமான் என்று 200, ஹிட்ச்சால் 400. ஆக 1,650 கிலோ. ஒரு பின் டயருக்கு 825.

கூஸ்நெக், அதாவது வாத்துக் கழுத்து போல வளைந்த மூக்குள்ள டிரெய்லர் என்றால் கதை வேறு. அதன் எடையில் 20 முதல் 25 சதவீதம் பிக்கப் தொட்டிக்குள், ஏறத்தாழ ஆக்சிலுக்கு மேலேயே உட்காரும். மூன்று குதிரையும் தங்கும் அறையும் கொண்ட 5,000 கிலோ டிரெய்லரில் 1,100 கிலோ அங்கே வருகிறது. கனரகப் பிக்கப்பின் பின் ஆக்சில் காலியாக 1,300, சாமான் 200, இது 1,100. மொத்தம் 2,600 கிலோ, டயருக்கு 1,300.

காகிதக் கணக்கை நம்பி நிற்காமல் எடைமேடைக்குப் போய்விடுங்கள். குதிரைகள் ஏறிய நிலையிலேயே வண்டியின் முன் ஆக்சிலை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை, பிறகு வண்டியின் இரண்டு ஆக்சிலும் மேடையில் இருக்க ஒரு எடை, கடைசியில் டிரெய்லரும் சேர்த்து ஒன்று. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் பின் ஆக்சில் எடை கிடைக்கும். அதை இரண்டால் வகுத்து, மேலே குறைந்தது 20 சதவீதம் இடைவெளி விடுங்கள். வளைவில் வெளிப்பக்க டயர் தன் பங்கைவிட அதிகம் சுமக்கிறது, உள்ளே குதிரைகளும் அதே பக்கம் சாய்கின்றன. அந்த 20 சதவீதம் அதற்காகத்தான்.

சைடுவாலில் எழுதியிருப்பது

275/65ஆர்18 116டி என்று ஒரு டயர். எல்.டி.275/65ஆர்18 123/120, லோடு ரேஞ்ச் இ என்று இன்னொன்று. அளவு ஒன்றுதான், ரிம்மும் அதேதான். பல கம்பெனிகளில் டயரின் பெயர்கூட ஒன்றாகவே இருக்கும். ஆனால் இவை இரண்டு வேறு டயர்கள்.

முதலாவது பயணிகள் வகை. 116 என்ற எண்ணுக்கு 1,250 கிலோ. ஆனால் பயணிகள் வகை டயரைப் பிக்கப்பில் போடும்போது அந்த எடையை 1.1-ஆல் வகுக்க வேண்டும் என்பது விதி. மிஞ்சுவது 1,136 கிலோ. இரண்டாவதில் 123 என்பது ஒற்றைச் சக்கரமாக ஓடும்போது 1,550 கிலோ, 120 என்பது ஜோடிச் சக்கரமாக ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் 1,400 கிலோ. அதுவும் 80 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்று இருந்தால் மட்டும்.

நம் இரண்டு குதிரைக் கணக்கில் டயருக்கு 825 கிலோதானே, பயணிகள் டயரே 1,136 தாங்குகிறதே, அது போதாதா என்று கேட்கலாம். எடைக்கு மட்டும் என்றால் போதும். நேர்மையாகச் சொன்னால், இலகு பிக்கப்பில் எல்.டி. டயர் வாங்குவது எடை எண்ணுக்காக மட்டும் இல்லை, சைடுவாலுக்காகவும்தான். பயணிகள் டயர் சொகுசுக்காகவே மெத்தென்று செய்யப்படுவது. அதற்குள் 35 பி.எஸ்.ஐ.தான் இருக்கும். எல்.டி. டயரில் நூலும் ரப்பரும் கனம், காற்றும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. குதிரை ஒரு பக்கம் சாயும்போது பின்பக்கம் நகர்வதும் நகராததும் இதைப் பொறுத்துத்தான்.

இதே அளவில் லோடு ரேஞ்ச் சி கிடைத்தால் அதையும் யோசிக்கலாம். அதன் உச்சக் காற்று 50 பி.எஸ்.ஐ., சுமை 113, அதாவது 1,150 கிலோ. பயணிகள் டயருக்கு 1.1-ஆல் வகுத்த பிறகு வந்த எடையோடு ஏறத்தாழ சமம். ஆக, சி வாங்கினால் எடை தாங்கும் அளவு பெரிதாகக் கூடாது, சைடுவால் மட்டும் கொஞ்சம் விறைக்கும். வாரம் முழுக்கக் காலியாக ஓடி, மாதம் ஒருமுறை ஒரே ஒரு குதிரையைப் பக்கத்தில் கொண்டுபோகும் இலகு பிக்கப்புக்கு அது போதும். டி என்றால் 65 பி.எஸ்.ஐ., இ என்றால் 80. ‘10 பிளை’ என்று கடைக்காரர் சொல்வது இ வகையைத்தான். பழைய பருத்தி நூல் காலத்துக் கணக்கு அது. இன்றைய டயருக்குள் பத்து அடுக்கெல்லாம் இருக்காது.

‘எக்ஸ்.எல்.’ என்று போட்டிருப்பதை எல்.டி.க்குச் சமம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பயணிகள் வகையிலேயே கொஞ்சம் கூடுதல் காற்று பிடிக்கும் டயர், அவ்வளவுதான்.

வேக எழுத்தில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. கியூ என்றால் உச்ச வேகம் மணிக்கு 160, ஆர் 170, எஸ் 180 கி.மீ. குதிரையோடு அதன் பக்கத்தில்கூடப் போகப்போவதில்லை.

காற்றுதான் சுமக்கிறது

எல்.டி.245/75ஆர்16, லோடு ரேஞ்ச் இ டயரை எடுத்துக்கொள்ளுங்கள். 50 பி.எஸ்.ஐ. காற்றில் அது 1,000 கிலோ தாங்கும். 65-இல் 1,190. 80-இல் 1,380. டயர் அதேதான், மாறுவது காற்று மட்டும். மேலே பார்த்த கூஸ்நெக் கணக்கில் டயருக்கு 1,300 கிலோ விழுகிறது. அதில் 50 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டினால் ஒவ்வொரு பின் டயரும் 300 கிலோ அதிகச் சுமையோடு ஓடுகிறது, அதுவும் ‘பத்து பிளை டயர்தானே’ என்ற தைரியத்தில். 80 வைத்தாலும் இடைவெளி 80 கிலோதான். அந்த வண்டிக்கு அந்த அளவே போதாது. பெரிய அளவு ரிம்மோ, பின்னால் ஜோடிச் சக்கரமோ வேண்டும்.

காற்று குறைந்த டயர் வெடிப்பது ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒவ்வொரு சுற்றிலும் சைடுவால் மடிந்து நிமிர்கிறது. மடிப்பு ஆழமானால் ரப்பருக்குள் சூடு ஏறும். சூடு ஏறினால் எஃகுப் பெல்ட்டுக்கும் ரப்பருக்கும் உள்ள ஒட்டு விட ஆரம்பிக்கும். பட்டன் தகடாகப் பிய்ந்து பறக்கும்போதுதான் வெளியே தெரியவரும். அந்தச் சேதம் அன்றைக்கே நடந்ததாக இருக்க வேண்டியதில்லை. போன மாதம் காற்றில்லாமல் ஓடிய ஐம்பது கிலோமீட்டரின் மிச்சம், இன்று நல்ல காற்றோடு ஓடும்போதும் வெளிப்படலாம்.

பயணிகள் டயரைக் கழற்றி எல்.டி. போட்டவர்கள் செய்யும் பெரிய தவறு, வண்டிக் கம்பெனி ஓட்டுநர் கதவோரம் ஒட்டிய தாளில் உள்ள 35 பி.எஸ்.ஐ.யையே புது டயருக்கும் வைப்பது. அந்த எண் பழைய டயருக்கு எழுதியது. அதே சுமைக்கு எல்.டி. டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும், பொதுவாக 10 முதல் 15 பி.எஸ்.ஐ. அதிகம். 35 வைத்தால் பழைய டயரைவிடக் குறைவாகத் தாங்கும் டயருக்கு நல்ல பணம் கொடுத்ததாக ஆகும். நம் 825 கிலோ வண்டியில், எல்.டி.275/65ஆர்18 இ டயருக்குப் பின்னால் 60 முதல் 65, முன்னால் 50 முதல் 55 என்று தொடங்குங்கள். எடைக்கு 50-ஏ போதும், மீதி சைடுவாலை விறைப்பாக்க. வண்டி முதலிலேயே எல்.டி. டயரோடு வந்திருந்தால் யோசிக்க வேண்டியதில்லை. தாளில் முழுச் சுமைக்குச் சொன்ன எண்ணையே வையுங்கள்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. டயர் அழுத்தத்தைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு, தாளில் உள்ள எண்ணிலிருந்து 25 சதவீதம் இறங்கினால் எரியும்படி அமைக்கப்படுவது வழக்கம். தாள் 35 என்றால் விளக்கு எரிவது சுமார் 26-இல். நீங்கள் 60 வைத்த டயர், ஆணி குத்தி 30-க்கு இறங்கினாலும் விளக்கு சும்மா இருக்கும். எச்சரிக்கை அளவை மாற்றித்தர முடியுமா என்று சர்வீஸில் கேளுங்கள். முடியாவிட்டால் வால்வில் திருகும் தனி சென்சார் செட் வாங்கி, வண்டிக்கும் டிரெய்லருக்கும் சேர்த்தே போடுங்கள்.

காற்றை, வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, வெயில் ஏறும் முன் பாருங்கள். 80 பி.எஸ்.ஐ. வைத்த டயரில் 10 டிகிரி குளிருக்கு 3 பி.எஸ்.ஐ. வரை இறங்கும். வழியில் சூடான டயரில் எண் கூடியிருந்தால் காற்றை இறக்கிவிடாதீர்கள், அது ஏற வேண்டியதுதான். 60 வரைக்கும் மட்டும் காட்டும் கேஜை வைத்துக்கொண்டு இந்த வேலை நடக்காது. 100-ஐத் தாண்டும் கேஜும், 80 வரை உண்மையிலேயே தள்ளும் கம்ப்ரஸரும் வேண்டும்.

வால்வைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கார்களில் போடும் சாதாரண ரப்பர் வால்வு, டி.ஆர்.413 வகை, 65 பி.எஸ்.ஐ. வரைக்குத்தான் செய்யப்பட்டது. அதில் 80 அடித்துவிட்டு வெயிலில் நெடுஞ்சாலை ஏறினால் வால்வின் அடி வெடித்துக் காற்று மொத்தமும் போய்விடும். அப்போது பழி டயர்மேல் விழும். டயர் மாற்றும்போதே டி.ஆர்.600ஹெச்.பி. வகை அல்லது நட் போட்டு இறுக்கும் உலோக வால்வு கேட்டு வாங்குங்கள். ரப்பர் தண்டு உள்ள அழுத்த சென்சார்களிலும் இதே வரம்பு பலவற்றில் உண்டு. கூடவே ரிம்மின் உள்பக்கம் வார்த்திருக்கும் உச்சச் சுமையையும் காற்றையும் படியுங்கள். இலகு பிக்கப்பின் அலங்கார அலாய் ரிம்கள் சில, 1,550 கிலோ டயருக்குப் பொருத்தமாக இருக்காது. டயர், ரிம், வால்வு மூன்றில் எது பலவீனமோ அதுதான் உங்கள் வரம்பு.

எந்தப் பட்டன், எந்த டயர்

மிஷெலின் டிஃபெண்டர் எல்.டி.எக்ஸ் எம்/எஸ் வரிசை இந்த வேலைக்கு எங்கள் முதல் தேர்வு. நெடுக்கு வரிகளும், பட்டனுக்குள் மெல்லிய கத்திக்கீறல்கள் நிறையவும் உள்ள ஹைவே டயர். நேராகப் போகும், ஈரத்தில் பிடிக்கும், தேய நாளாகும். குதிரை நிற்கும் டிரெய்லரை மெதுவாக, சீராக நிறுத்துவதற்கு ஈரச்சாலைப் பிடிப்பைவிடப் பெரிய விஷயம் இல்லை. எச்சரிக்கை ஒன்று: இந்தப் பெயரில் பயணிகள் வகையும் எல்.டி. வகையும் உண்டு. பில் போடும் முன் சைடுவாலைப் பார்த்து ‘எல்.டி.’யும் ‘இ’யும் உறுதி செய்துகொள்ளுங்கள். கூர்க்கல் சரளையில் தினமும் ஓடுபவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டோம்.

ஃபயர்ஸ்டோன் டிரான்ஸ்ஃபோர்ஸ் ஹெச்.டி. வேலைக்கார வண்டிகளுக்கென்று செய்தது. கனரகப் பிக்கப்புகள் சில, கம்பெனியிலிருந்தே இதோடு வந்திருக்கின்றன. விறைப்பானது, சுமையில் நிதானமாக இருக்கும். காலியாக ஓடும்போது பின்பக்கம் துள்ளும். பனியில் இதன் பிடி சுமார்தான். பனியே இல்லாத இடத்தில் கூஸ்நெக் இழுப்பவருக்கு நல்ல தேர்வு.

மிஷெலின் அஜிலிஸ் கிராஸ்கிளைமேட் என்பது சரக்கு வேன்களுக்கும் கனரகப் பிக்கப்புகளுக்கும் செய்தது. மூன்று சிகரமும் பனிச்செதிலும் உள்ள சின்னம் உண்டு, அதாவது பனிப் பிடிப்புச் சோதனையில் தேறியது. சைடுவாலில் தடித்த கட்டைகள் புடைத்திருக்கும், நடைபாதை ஓரத்தில் உரசினால் அவைதான் தேயும், நூல் அல்ல. குளிர்காலத்திலும் இழுக்க வேண்டியவர்களுக்கு டிஃபெண்டரைவிட இதுவே மேல்.

பி.எஃப்.குட்ரிச் ஆல்-டெரெய்ன் டி/ஏ கே.ஓ.2. குதிரை டிரெய்லர் இழுப்பவர்களில் பலர் கேட்பது இதைத்தான், காரணமும் இருக்கிறது. சைடுவாலில் மூன்று அடுக்கு, பல அளவுகளில் லோடு ரேஞ்ச் இ, பனிச் சின்னம், கல்லில் கிழியாத பட்டன். புதிதாக 12 மில்லிமீட்டர் ஆழம். ஆனால் உயரமான தனித்தனிப் பட்டன்கள், சைடுவால் எவ்வளவு விறைத்தாலும், தாமே கொஞ்சம் நெளியும். நல்ல ஹைவே டயர் அளவுக்கு ஈரத்தார்ச் சாலையில் நிற்காது, தேயத் தேய அந்த வித்தியாசம் பெருகும். எடையும் கூட, டீசலும் கூடக் குடிக்கும்.

இருந்தாலும் இதை ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. குதிரை டிரெய்லர் முடியும் இடம் பெரும்பாலும் தார்ச்சாலை இல்லை, மழை பெய்த புல்வெளி. பந்தய மைதானத்தின் ஓரத்திலோ பண்ணையின் பின்பக்கத்திலோ நிறுத்தியிருப்பீர்கள். காலையில் காய்ந்திருந்த புல், மாலையில் ஐம்பது வண்டி ஏறி இறங்கி வழவழவென்று சேறாகியிருக்கும். 2,500 கிலோவைப் பின்னால் கட்டிக்கொண்டு ஹைவே டயர் அங்கே ஒரு சுற்று சுற்றியதும் கீறலெல்லாம் மண் அடைத்து மொட்டை டயர் மாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகு டிராக்டர்தான். மாதத்தில் பாதி நாள் இப்படி முடிகிறது என்றால் கே.ஓ.2 போன்ற ஆல்-டெரெய்ன் வாங்குவது நியாயம். வருடத்தில் இரண்டு மூன்று தடவைதான் என்றால் ஹைவே டயரே போடுங்கள். வந்ததுமே இறக்கம் பார்த்து, வெளியேறும் திசையில் மூக்கை வைத்து நிறுத்துங்கள். பழைய லாயத்து ரப்பர் பாய் இரண்டு துண்டை வண்டியில் வைத்திருங்கள். பின் சக்கரத்துக்கு முன்னால் சொருகினால் பெரும்பாலும் வண்டி கிளம்பிவிடும். ஃபோர் வீல் போட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், இரண்டாம் கியரில் மெதுவாக.

மட்-டெரெய்ன் டயர் வேண்டாம். உயர்ந்த பட்டன், நெளிவு, சூடு, இரைச்சல், ஈரத்தில் வழுக்கல். டிரெய்லர் ஆடுவதற்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது.

பெரிய டயர் போட்டு வண்டியை உயர்த்தும் ஆசைக்கும் இதுவே பதில். 275/65ஆர்18 டயரின் விட்டம் சுமார் 815 மில்லிமீட்டர். அதைக் கழற்றி 35 அங்குலம், அதாவது 889 மில்லிமீட்டர் போட்டால், 3.73 என்ற ஆக்சில் விகிதம் 3.42 போல வேலை செய்யும். மேட்டில் இழுவை போகும், இறக்கத்தில் என்ஜின் பிரேக் குறையும், பிரேக்குக்கு வேலை கூடும், ஹிட்ச் உயர்ந்து டிரெய்லரின் மூக்கு மேலே தூக்கும். குதிரைகள் சரிவில் நின்றபடியே வர வேண்டியிருக்கும்.

பெயர் தெரியாத மலிவு டயர் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் எந்தக் காற்றுக்கு எத்தனை கிலோ என்ற பட்டியலை வெளியிடாத கம்பெனியின் டயரைக் குதிரைக்கு முன்னால் போடாதீர்கள். டிரெய்லருக்கென்று வரும் ‘எஸ்.டி.’ டயரை வண்டியில் மாட்டவே கூடாது, அது இழுபடும் சக்கரத்துக்கு மட்டும் செய்தது. டிரெய்லரின் நாலு சக்கரத்துக்கு வாங்குவதானால் குட்இயர் எண்டியூரன்ஸ் நல்லது. அதன் வேக எழுத்து என், அதாவது 140 கி.மீ. வேக எழுத்தே இல்லாத பழைய எஸ்.டி. டயர்களுக்கு 105 கி.மீ.தான் எல்லை.

மாட்டும்போது

தயாரித்த தேதியைப் பாருங்கள். சைடுவாலில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு வருடத்துக்கு மேல் கடையில் கிடந்ததை வாங்க வேண்டாம். குதிரை டிரெய்லர் இழுக்கும் வண்டிகள் குறைவாக ஓடுபவை. பட்டன் தேயும் முன்பே ரப்பர் முதுமை அடையும். ஆறு வருடம் ஆனால் மாற்றிவிடுங்கள், பட்டன் புதிதாகத் தெரிந்தாலும்.

நாலும் ஒரே மாதிரியாக வாங்குங்கள். இரண்டுதான் வாங்க முடியும் என்றால் புதியது இரண்டும் பின்னால். ஈரத்தில் பின் டயர் பிடி விட்டால் டிரெய்லர் வண்டியைத் தள்ளி மடக்கிவிடும், முன்னால் பிடி விட்டால் அந்த அளவுக்குப் போகாது. பின்னால் ஜோடிச் சக்கரம் உள்ள வண்டியில் ஜோடியின் இரண்டு டயரும் விட்டத்தில் 6 மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்க வேண்டும், காற்றும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரியது எடை முழுக்கச் சுமக்கும், சின்னது தேய்ந்துகொண்டே வரும். உள் டயரின் வால்வுக்குக் கை எட்டவில்லை என்பதற்காகப் பார்க்காமல் விடுவதுதான் அங்கே வழக்கமான கோளாறு. நீட்டிப்புக் குழாய் போட்டுக்கொள்ளுங்கள்.

அலைன்மென்ட், பேலன்ஸிங் முடிந்ததும் முதல் 800 கிலோமீட்டர் குதிரை ஏற்றாமல் ஓட்டுவது நல்லது. புது டயரின் முழு உயரப் பட்டன் கொஞ்சம் நெளியும், டயரை வார்க்கும் அச்சில் தடவிய வழுக்குப் பூச்சும் போக வேண்டும். 80, 100 கிலோமீட்டரில் வீல் நட்டை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்குங்கள். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றுங்கள்.

தேய்மானம் என்ன சொல்கிறது என்று படிக்கப் பழகுங்கள். இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நடுவில் மட்டும் தேய்ந்தால் காலி வண்டியில் 80 வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட். பட்டன்களை உள்ளங்கையால் தடவும்போது ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் எதிர்ப்பக்கம் ரம்பம் மாதிரியும் உறுத்தினால் டயர்களை முன்பின் மாற்றத் தாமதித்துவிட்டீர்கள். அங்கங்கே குழி விழுந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது, அந்த வண்டி டிரெய்லரோடு ஆடத்தான் செய்யும், எந்த டயர் போட்டாலும். பட்டன் 1.6 மில்லிமீட்டரில் சட்டப்படி முடிகிறது. குதிரையோடு மழையில் ஓடுபவர்கள் 4 மில்லிமீட்டரிலேயே கழற்றிவிடுவது நல்லது.

பஞ்சர் பட்டனின் நடுப்பகுதியில், 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால், டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டித் துளையையும் அடைத்தால் ஓட்டலாம். வெளியிலிருந்து திணிக்கும் கயிறு வீடு வந்து சேர மட்டும். ஓரத்திலோ சைடுவாலிலோ குத்தியிருந்தாலும், சைடுவாலில் எலுமிச்சம்பழம் மாதிரிப் புடைப்பு இருந்தாலும் டயர் முடிந்தது. உள்ளே நூல் அறுந்ததன் அடையாளம்தான் அந்தப் புடைப்பு.

வழியில் முதல் ஒரு மணி நேரத்தில் ஒருமுறை நிறுத்துங்கள். குதிரைக்குத் தண்ணீர் காட்டும் நேரத்தில் ஒவ்வொரு டயரின் பட்டனிலும் புறங்கையை வையுங்கள். வெயில் படும் பக்கம் கொஞ்சம் கூடச் சுடும், அது சாதாரணம். ஒரே ஆக்சிலில் ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் காற்று இறங்குகிறது. சக்கரத்தின் நடுவிலும் சேர்த்துச் சுட்டால் பிரேக்கையோ பேரிங்கையோ பார்க்க வேண்டும்.

கடைசியாக ஸ்டெப்னி. அதுவும் அதே அளவு, அதே லோடு ரேஞ்ச், அதே காற்று. வண்டிக்கு அடியில் தொங்கும் அதன் தேதியையும் படியுங்கள், பல வண்டிகளில் அங்கே தொங்குவது கம்பெனி கொடுத்த பழைய பயணிகள் டயராகத்தான் இருக்கும். வண்டியோடு வந்த ஜாக்கி காலி வண்டியைத் தூக்கத்தான் வந்தது. 4 டன்னுக்குக் குறையாத பாட்டில் ஜாக்கியும் ஒரு சதுரப் பலகையும் வைத்திருங்கள். சாலையோரத்தில் பின் டயர் போனால் குதிரைகளை இறக்க வேண்டாம். வேகமாகப் போகும் வண்டிகளுக்குப் பக்கத்தில் அவிழ்த்த குதிரை, பஞ்சரைவிடப் பெரிய ஆபத்து. டிரெய்லரைக் கழற்றவும் வேண்டாம். வண்டியைச் சமதரைக்கு மெல்ல நகர்த்தி, டிரெய்லர் சக்கரம் நாலுக்கும் இருபுறமும் கட்டை கொடுத்து, நட்டுகளை முதலில் தளர்த்தி, பலகை மேல் ஜாக்கியை வைத்துப் பின் ஆக்சில் குழாயின் அடியில் தூக்குங்கள். உள்ளே குதிரை காலை மாற்றி வைத்தால் வண்டி ஆடும். ஆட்டம் நிற்கும் வரை பொறுத்து, டயர் தரையை விட்டு இரண்டு விரல் எழும்பியதும் மாற்றிவிடுங்கள்.